வெதுவெதுப்பான கால்கள்

அக்காவின் கர்ப்பப்பையில் பெரிய பெரிய நார்க்கட்டிகள் இருக்கின்றன, கர்ப்பப்பையோடு சேர்த்து எடுத்துவிடுவதுதான் நல்லது என்று டாக்டர் சொன்னபோது, அவள் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை நாள் வண்டி எடுக்கக் கூடாது?" என்பதுதான்.

"மூணு மாசம்."

"மூணு மாசமா? அதுக்குள்ள என்கிட்ட கத்துக்கிறவங்கள்ல பாதிப் பேரு மரத்துல ஏறியிருப்பாங்க டாக்டர்."

அவள் ஒரு டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பதினேழு வருடமாகப் பயந்து நடுங்குகிறவர்களின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் கூடுதல் பிரேக்கை மட்டும் நம்பி உயிர் பிழைத்துவந்தவள். எந்த நேரமும் வாய் ஓயாது. அவள் பேசாமல் இருந்தால் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்று அர்த்தம்.

அவளுக்குப் பதினோரு வயது இளையவன் தம்பி. காதில் எப்போதும் பென்சில் செருகியிருப்பதால் அவனை வேலை செய்யும் இடத்தில் பென்சில் என்றே கூப்பிடுவார்கள். வீட்டுக்கும் அந்தப் பெயர் எப்படியோ வந்து சேர்ந்துவிட்டது. என்ன வேலை என்று யாராவது கேட்டால், "ரத்தப் பரிசோதனை" என்பான். அது பொய் இல்லை. யாருடைய ரத்தம் என்பதை மட்டும் அவன் சொன்னதில்லை.

மருத்துவக் கல்லூரியின் பின்கட்டிடத்தில் மாடியில் இருந்தது அந்த ஆய்வுக்கூடம். கீழே தகரக் கூரை போட்ட கொட்டிலில் செம்மறியாடுகள். ஒவ்வொன்றின் காதிலும் எண் எழுதிய மஞ்சள் பிளாஸ்டிக் வில்லை. அங்கே இருந்த பேராசிரியர் ஒரே ஒரு விஷயத்தைப் பல வருடமாகத் துருவிக்கொண்டிருந்தார். முதுகுத்தண்டுக்குப் பக்கத்தில் மெல்லிய குழாய் செருகிக் கொடுக்கும் எபிடூரல் மருந்து, உடம்பின் கீழ்ப்பாதியில் வலியை மட்டும் அடக்குவதில்லை. ரத்தக்குழாய்களை இறுக்கிப் பிடித்திருக்கும் நரம்புகளையும் சேர்த்துத் தூங்கவைத்துவிடுகிறது. குழாய்கள் தளர்ந்து விரிகின்றன. கால்கள் வெதுவெதுப்பாகின்றன. ரத்த அழுத்தம் இறங்குகிறது. சாதாரணமாக இதைச் சமாளித்துவிடலாம். ஆனால் அந்த நேரம் பார்த்து உடம்பிலிருந்து ரத்தமும் போனால்? இருக்கிற ரத்தம் சுமந்துவரும் பிராணவாயு எதுவரை போதும், எந்த இடத்தில் போதாமல் போகும்? இதுதான் அவருடைய கேள்வி.

ஆடு மேஜையில் பாதித் தூக்கத்தில் கிடக்கும். ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் இறங்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்களைப் பார்த்து எழுதுவதும், இதயத்திலிருந்து போகிற ரத்தத்தையும் திரும்பி வருகிற ரத்தத்தையும் தனித்தனியாக எடுத்து இயந்திரத்தில் கொடுப்பதும்தான் பென்சிலின் வேலை. எபிடூரல் கொடுக்காத ஆடுகள் போராடும். நாடி குதிரையாய் ஓடும், காதும் காலும் சில்லிட்டுவிடும், கையிருப்பு ரத்தத்தை எல்லாம் மூளைக்கும் இதயத்துக்கும் ஒதுக்கி உடம்பு மல்லுக்கட்டும். எபிடூரல் கொடுத்த ஆடுகள் அமைதியாக இருக்கும். அந்த அமைதிதான் அவனுக்குப் பிடிக்காது.

இருபத்தேழாம் ஆடு அப்படித்தான் இருந்தது. நாடி எழுபத்திரண்டு. போன தடவையும் அதேதான். 'மாற்றம் இல்லை' என்று எழுதிவிட்டு எதேச்சையாக அதன் முகத்தைப் பார்த்தான். ஆடு வாயைப் பிளந்து நீளமாகக் கொட்டாவி விட்டது. விட்டுவிட்டு, திறந்த கண்ணால் அவனையே பார்த்தது. அடுத்த ஐந்து நிமிடத்தில் நாடி ஏறுவதற்குப் பதில் அறுபதுக்கு இறங்கியது. பிறகு நாற்பது. பிறகு எதுவும் இல்லை. எல்லா ஆடுகளும் கடைசியில் எழுந்திருக்காதவைதான் என்றாலும் இது கணக்குக்கு முன்னால் போய்விட்டது.

"இதயத்துக்குத் திரும்பி வர்ற ரத்தம் ரொம்பக் குறைஞ்சா, சில சமயம் அது ஓடுறதை விட்டுட்டு நடக்க ஆரம்பிச்சிடும். நல்ல பதிவு இது" என்றார் பேராசிரியர்.

அன்று மத்தியானம் பென்சில் சாப்பிடவில்லை. அதைப் பற்றி யாரிடமும் பேசவும் இல்லை.

அக்காவுக்கு ஆபரேஷன் நடந்தது வேறொரு ஆஸ்பத்திரியில். காலையில் உள்ளே கொண்டுபோனார்கள், பன்னிரண்டு மணிக்கெல்லாம் வார்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஆறு கட்டில் போட்ட, பச்சைத் திரைகள் தொங்கும் வார்டு. ஜன்னலோரக் கட்டில் அவளுக்கு. வலி தெரியாமல் இருக்க, ஆபரேஷனுக்குப் போட்ட எபிடூரல் குழாயை எடுக்காமல் ஒரு சிறிய பம்புடன் இணைத்திருந்தார்கள். அது தீப்பெட்டிக்குள் அடைத்த வண்டுபோல அவ்வப்போது முனகி, மருந்தைச் சொட்டுச் சொட்டாக அவள் முதுகுக்குள் அனுப்பிக்கொண்டிருந்தது.

அக்காவின் புருஷன் ரொட்டி பேக்கரியில் வேலை செய்பவர். விடிய ரெண்டு நாழிகை இருக்கும்போதே எழுந்தவர். கண் செருகிப்போய் நின்றிருந்தார்.

"மாமா, நீங்க போங்க. பாப்பாவை ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வாங்க. நான் இருக்கேன்" என்று பென்சில் அனுப்பிவைத்தான்.

ஒரு மணிவரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

"டேய், வயித்தைக் கிழிச்சுத் தைச்சிருக்காங்க, எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்லடா" என்றாள் அக்கா. "ஆனா கிளட்ச்சை மிதிக்கலாம்னு பார்த்தா காலைக் காணோம். எங்க வெச்சாங்க?"

"அங்கேயேதான் இருக்கு. போர்வைக்குள்ள."

"நல்லாப் பாரு. வேற யாரோட காலையாவது மாத்தி வெச்சிருக்கப் போறாங்க. ஆபரேஷன் தியேட்டர்ல கூட்டம் ஜாஸ்தியா இருந்துச்சு."

அவன் சிரித்தான். வார்டு நர்ஸ் வந்து ரத்த அழுத்தம் பார்த்தாள். நடுத்தர வயது, நடையிலேயே வேலை தெரிந்தவள். "நூத்தி நாலு. நல்லா இருக்கு" என்றாள். வயிற்றிலிருந்து வரும் குழாயின் பாட்டிலில் கொஞ்சமாகத்தான் ரத்தம் இருந்தது. அதையும் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனாள்.

இரண்டு மணிக்கு அக்கா தண்ணீர் கேட்டாள். குடிக்கக் கூடாது என்பதால் பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தான். ஐந்து நிமிடத்தில் மறுபடி கேட்டாள். அப்போதுதான் அவன் கவனித்தான்: வந்ததிலிருந்து பேசிக்கொண்டே இருந்தவள் பத்து நிமிடமாகத் தண்ணீரைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை.

"தூக்கம் வருதாக்கா?"

"தெரியல." அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வாயைப் பிளந்து நீளமாகக் கொட்டாவி விட்டாள்.

பென்சில் அவள் முகத்தையே பார்த்தான். 'மயக்க மருந்து கொடுத்திருக்கிறார்கள், கொட்டாவி வராதா' என்று தனக்கே சொல்லிக்கொண்டான்.

அக்காவின் விரலில் மாட்டியிருந்த கிளிப் கீச்சிட ஆரம்பித்தது. பிராணவாயு அளவைக் காட்டும் கிளிப் அது. திரையில் எண்ணுக்குப் பதில் கோடுகள். நர்ஸ் வந்து வேறு விரலில் மாட்டினாள். அங்கேயும் கீச்சிட்டது. மூன்றாவது விரலிலும் அதே கதை. "சில பேரு விரல் ஒத்துக்காது" என்று சொல்லிவிட்டு, போர்வையைத் தூக்கி, கால் கட்டைவிரலில் மாட்டினாள். உடனே திரையில் அலை எழும்பி விழுந்தது. தொண்ணூற்றெட்டு.

"பாருங்க, என்ன அழகா வருது! பல்ஸும் எழுபது. ரத்த அழுத்தம் தொண்ணூத்திரெண்டு. எபிடூரல் போட்டவங்களுக்குக் கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கும். பயப்படாதீங்க தம்பி." சொட்டு நீரின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

அவள் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. அதுதான் பென்சிலைப் பயமுறுத்தியது. அந்த எண்களை அவன் எத்தனையோ முறை தன் கையால் எழுதியிருக்கிறான்.

"டேய்" என்றாள் அக்கா. குரல் பஞ்சில் சுற்றியதுபோல வந்தது. "கட்டில்ல உட்காராதே. அமுங்குது."

"நான் நாற்காலியில உட்கார்ந்திருக்கேன்க்கா."

"அப்ப கால்மாட்டுல யாரு?"

அவன் பார்த்தான். கட்டிலின் கால் பக்கம் யாரும் இல்லை. வெள்ளைப் போர்வை, அதற்கப்பால் இரும்புக் கம்பி, அதற்கப்பால் பச்சைத் திரை. வெளியே பிற்பகல் வெயில். எதிர்க் கட்டிலில் ஒரு பெண் தன் மகளோடு செல்போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"யாரும் இல்லக்கா."

"கால் மரத்துத்தான் கிடக்கு. இருந்தாலும் தெரியுது. ஈரமா ஏதோ… மூக்கு மாதிரி. மோந்து பார்க்குது."

போர்வையின் கால்முனை லேசாக அசைந்தது. மரத்துப்போன கால் அசையாது. மின்விசிறிதான், வேறென்ன என்று மேலே பார்த்தான். மின்விசிறி ஓடவில்லை. ஜன்னல் சாத்தியிருந்தது.

"நாயா?" என்று கேட்டான். ஏன் அப்படிக் கேட்டான் என்று அவனுக்கே தெரியவில்லை. நாய் என்று அவள் சொல்லிவிட வேண்டும் என்று மனம் கெஞ்சியது.

"நாய் இல்ல. முடி சுருள் சுருளா இருக்கு. காதுல மஞ்சளா பிளாஸ்டிக் மாட்டியிருக்காங்க, வண்டிக்கு நம்பர் பிளேட் மாதிரி."

"என்ன நம்பர்?"

கேட்ட பிறகுதான் தன் வாயிலிருந்து அது வந்தது என்றே அவனுக்கு உறைத்தது.

"கண்ணாடி இல்லாம எனக்கு எந்த நம்பர் தெரியும்? நீதான் கிட்டப் போய்ப் பாரேன்." மறுபடி ஒரு கொட்டாவி. "பின்னாடி இன்னும் நிக்குதுங்க. வரிசையா. சத்தமே போடல. பாவம், யாருக்கோ காத்துக்கிட்டு இருக்குதுங்க."

ஈரக் கம்பளியும் ஸ்பிரிட்டும் கலந்த வாடை அவன் மூக்கில் ஏறியது. வேலை முடிந்து எத்தனை தடவை குளித்தாலும் போகாத வாடை. தன் சட்டையிலிருந்துதான் வருகிறது என்று நினைத்தான். ஆனால் அது கால் பக்கத்திலிருந்து வந்தது.

ஒரு கணம் அவனுக்கு எழுந்து ஓடிவிட வேண்டும் போலிருந்தது. வார்டைத் தாண்டி, படியிறங்கி, ரோட்டுக்கு. ஓடாமல் அவன் செய்த காரியம் ஒன்றே ஒன்றுதான். ஒரு கையால் அக்காவின் உள்ளங்கையைப் பிடித்தான். இன்னொரு கையைப் போர்வைக்குள் நீட்டி, அந்தக் கால்மாட்டில் அவளுடைய பாதத்தைத் தொட்டான். அங்கே வேறு ஏதாவது விரலில் பட்டுவிடுமோ என்று கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் தொட்டான்.

பாதம் வெதுவெதுவென்று இருந்தது, வெயிலில் காய்ந்த துணிபோல. கை, ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்ததுபோல இருந்தது. வியர்த்தும் இருந்தது. மருந்து எட்டாத மேல்பாதி மட்டும் குழாய்களை இறுக்கிப் போராடிக்கொண்டிருந்தது.

திரையைப் பார்த்தான். தொண்ணூற்றெட்டு. பல்ஸ் அறுபத்திரண்டு. கொஞ்ச நேரம் முன்னால் எழுபது.

"சிஸ்டர்!" அவன் போட்ட சத்தத்தில் செல்போனில் பேசிக்கொண்டிருந்த பெண் நிறுத்திவிட்டாள். "சிஸ்டர், இவங்களுக்கு உள்ளே ரத்தம் போகுது. மயக்க டாக்டரைக் கூப்பிடுங்க."

நர்ஸ் வேகமாக வந்தாள். "என்ன தம்பி? பல்ஸ் நார்மலாத்தானே இருக்கு? ரத்தம் போனா பல்ஸ் எகிறும்."

"எகிறணும். எகிறலை. இறங்குது. அதான் சொல்றேன்."

"பாட்டில்ல ரத்தம் இல்லையே."

"பாட்டிலுக்கு வரலைன்னா வயித்துக்குள்ள நிக்குது. சிஸ்டர், உங்க கால்ல வேணும்னாலும் விழறேன், டாக்டரைக் கூப்பிடுங்க."

கோபம் வந்திருந்தால் அவள்மீது தப்பில்லை. ஆனால் அவள் மறுபடி ரத்த அழுத்தம் பார்த்தாள். எழுபத்தெட்டு. முகம் மாறியது. உடனே போனை எடுத்தாள்.

வந்த டாக்டருக்கு முப்பது வயதுகூட இருக்காது. ஒரு கையில் பாதி தின்ற பிஸ்கட் இருந்தது. பென்சில் மூச்சுவிடாமல் ஒப்பித்தான்: மணி, அழுத்தம், பல்ஸ், தாகம், கொட்டாவி, கை, கால்.

"நீங்க டாக்டரா?"

"இல்லைங்க."

"நர்ஸா?"

"இல்ல மேடம். லேப் டெக்னீசியன்."

"எந்த லேப்?"

அக்கா கேட்டுக்கொண்டிருக்கிறாளா என்று பார்த்தான். அவள் கண் திறந்துதான் இருந்தது.

"ஆடு மேடம். எபிடூரல் போட்டு ரத்தம் எடுத்துப் பார்ப்போம். ஆறு வருஷமாப் பார்க்கிறேன். இப்படித்தான் இருக்கும். இதுக்கப்புறம் நேரம் இருக்காது."

டாக்டர் பிஸ்கட்டை எங்கே வைத்தாள் என்று யாரும் பார்க்கவில்லை. அவன் செய்ததையே அவளும் செய்தாள். ஒரு கை அக்காவின் கையில், ஒரு கை பாதத்தில். அப்படியே இரண்டு நொடி நின்றாள். போர்வையை விலக்கி வயிற்றைத் தொட்டாள். மத்தியானம் தட்டையாக இருந்த வயிறு பொம்மிப்போயிருந்தது. அழுத்தினால் யாராயிருந்தாலும் அலறியிருப்பார்கள். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. பாட்டில் குழாயை டாக்டர் விரலால் உருவியபோது, உள்ளே அடைத்துக்கொண்டிருந்த ரத்தக்கட்டி கறுப்புப் புழுபோல நகர்ந்தது.

"பம்பை நிறுத்துங்க. கால் ரெண்டையும் தூக்கிப் பிடிங்க. சர்ஜனை வரச் சொல்லுங்க, தியேட்டர் ரெடி பண்ணச் சொல்லுங்க. ரத்தம் நாலு யூனிட்." சொல்லிக்கொண்டே ஊசியில் ரத்தக்குழாயை இறுக்கும் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தாள். பிறகு அக்காவின் மணிக்கட்டிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்து பென்சிலிடம் நீட்டினாள். "மெஷின் ரெண்டாவது மாடியில இருக்கு. ஓட்டத் தெரியுமில்ல? ஓடுங்க."

ஓடினான். இரண்டாவது மாடி மூலையில் குளியலறை அளவுக்கு ஒரு அறை. இயந்திரம் அவனுடைய ஆய்வுக்கூடத்தில் இருப்பதன் உடன்பிறப்புதான். ஊசியைச் செருகிப் பொத்தானை அமுக்கினான். முடிவு வரத் தொண்ணூறு நொடி ஆகும்.

அந்தத் தொண்ணூறு நொடியும் அவன் முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் இல்லை. நிறையப் பேர். அவசரமில்லாத, ஈரமான மூச்சு. ரப்பர் தரையில் குளம்பு மாற்றி வைக்கும் மெல்லிய சத்தம். வாடை அந்தச் சின்ன அறையை அடைத்துக்கொண்டு நின்றது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. இயந்திரத்தின் கண்ணாடித் திரையில் பின்னால் இருப்பது தெரிந்துவிடும் என்பதால் அதையும் பார்க்காமல் தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"தெரியும்" என்று முணுமுணுத்தான். யாரிடம் சொன்னான், எது தெரியும் என்று சொன்னான் என்று பிறகு எத்தனை யோசித்தும் அவனுக்கு விளங்கவில்லை.

தாள் வெளியே வந்தது. பன்னிரண்டு இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் ஐந்து. உடம்புக்குப் பிராணவாயு போதாமல் போனால் ரத்தத்தில் லாக்டிக் அமிலத்தின் புளிப்பு ஏறும். அது இருக்க வேண்டியதைப்போல நாலு மடங்கு ஏறியிருந்தது. கால் விரலில் மாட்டிய கிளிப் சொன்ன தொண்ணூற்றெட்டும் உண்மைதான். மிச்சமிருந்த ரத்தம் முழுச் சுமையோடுதான் போய்க்கொண்டிருந்தது. சுமக்க ஆள்தான் இல்லை.

தாளைக் கிழித்துக்கொண்டு கதவைத் தள்ளியபோது வழியில் எதுவும் தட்டுப்படவில்லை. வார்டு வாசலில் அக்காவின் கட்டிலைத் தள்ளிக்கொண்டு லிப்டுக்குப் போகிறவர்களைப் பிடித்தான். டாக்டர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தா…" என்று ஆரம்பித்து, முடிக்காமல் லிப்டுக்குள் போய்விட்டாள்.

மாமா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தபோது ஜன்னலோரத்தில் கட்டில் இருந்த இடம் காலியாக இருந்தது. மாமாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "நீ இருக்கேன்னுதானேடா போனேன்" என்று ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொன்னார். நர்ஸ்தான் வந்து, "அவர் இருந்ததாலதான் சார்" என்றாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

ரத்தக்குழாய் ஒன்றில் போட்ட முடிச்சு நழுவியிருந்தது. வயிற்றுக்குள் இரண்டு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக ரத்தம். மறுபடி திறந்து, கட்டி, துடைத்து, தைத்தார்கள். இரண்டு நாள் தீவிர சிகிச்சையில் இருந்தாள். மூன்றாம் நாள் காலையில் கண்ணைத் திறந்து, "பாப்பா சாப்பிட்டாளா?" என்று கேட்டாளாம். அதைக் கேட்டு மாமா நடைபாதையில் உட்கார்ந்து அழுதார்.

ஐந்தாம் நாள், பழைய வார்டில் வேறு கட்டிலில், அக்கா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் வெளிறியிருந்தாலும் வாய் பழையபடி திரும்பியிருந்தது. மாமா மருந்து வாங்கப் போனதும் பென்சிலைக் கூர்ந்து பார்த்தாள்.

"ஏன்டா அன்னைக்கு நான் கூப்பிடக் கூப்பிடத் திரும்பியே பார்க்கல?"

"எப்பக்கா?"

"அன்னைக்குத்தான். கால்மாட்டுல நின்னு எழுதிக்கிட்டே இருந்தியே. அட்டை வெச்சுக்கிட்டு. தண்ணி கேட்டேன், எழுதின. குளிருதுடான்னேன், அதையும் எழுதின. தலையைத் தூக்கவே இல்ல."

"அக்கா, நான் உன் கையைப் புடிச்சுக்கிட்டுல்ல இருந்தேன். தலைமாட்டுல."

"கையை யாரோ புடிச்சிருந்தாங்க. அது யாருன்னு தெரியல. நீ கால் பக்கம்தான் இருந்த." அவள் குரலில் கோபம் இல்லை. பார்த்ததைச் சொல்கிறவளின் குரல். "உன் முகம் எனக்குத் தெரியாதா?"

ஆடுகளைப் பற்றி அவளுக்கு எதுவும் நினைவில்லை. மூக்கோ மஞ்சள் வில்லையோ எதுவும் இல்லை. அவன் கேட்டுப் பார்த்தான். அவள் திருதிருவென்று விழித்தாள். எழுதிக்கொண்டிருந்த தம்பியை மட்டும்தான் நினைவிருந்தது.

அப்போதுதான் அவன் எல்லாவற்றையும் சொன்னான். கொட்டில், மேஜை, பை, இரண்டு குழாய்கள், இருபத்தேழு. மறைத்த வருடங்களையும் சேர்த்துச் சொன்னான். அக்கா குறுக்கே பேசாமல் கேட்டாள், அது அவள் வழக்கமே இல்லை.

"இருபத்தேழு போன அன்னைக்கு மனசு கேக்கலக்கா. பாவமா இருந்துச்சு" என்று முடித்தான்.

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதையால்ல இருக்கு" என்றாள். "அதுங்களுக்கு வலிக்குமா?"

"வலிக்காது. சத்தியமா வலிக்காது. அந்த மருந்தோட வேலையே அதுதானே."

"எனக்கும்தான் வலிக்கல." அவள் தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். "வலிச்சிருந்தா கத்தியிருப்பேன்டா. யாராவது ஓடி வந்திருப்பாங்க. ஒரு சொகமா இருந்துச்சு பாரு, அதை நினைச்சாத்தான் இப்ப உடம்பு நடுங்குது."

அவன் போர்வையை அவள் காலுக்கு இழுத்துவிட்டான்.

"விட்டுடப் போறியா அந்த வேலையை?"

"தெரியலக்கா. அது இல்லைன்னா அன்னைக்கு எனக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

"அதான் நானும் யோசிக்கிறேன்" என்றாள் அக்கா. "எனக்கும் விடை தெரியல. உனக்கு மட்டும் எப்படித் தெரியும்?" மாமா மருந்துப் பையோடு வந்துவிட்டதால் பேச்சு அத்தோடு நின்றது.

அந்த இளம் டாக்டர் வார்டில் ஒரு அறிவிப்பு ஒட்டவைத்தாள். எபிடூரல் பம்பு ஓடுகிற எல்லா நோயாளிகளுக்கும் மணிக்கொருமுறை கையையும் காலையும் தொட்டுப் பார்த்து எழுத வேண்டும் என்று. வேலை கூடிவிட்டது என்று மற்ற நர்சுகள் முணுமுணுத்தார்கள். ஜன்னலோரக் கட்டிலைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் மட்டும் முணுமுணுக்கவில்லை.

பென்சில் அடுத்த திங்கட்கிழமை பேராசிரியரிடம் போய், ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்துக்கு மாற்றல் வேண்டும் என்றான். அவர் காரணம் கேட்டார். நடந்ததைச் சொன்னான், கால்மாட்டில் நின்றவற்றைத் தவிர. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்கிற அளவுக்கு அதில் அழுக்கு இல்லை.

"ஆறு வருஷம் இதைப் பத்தி எழுதியிருக்கேன்" என்றார் கடைசியில். "ஒரு வார்டுக்கு நான் போய்ப் பார்த்தது கிடையாது. இன்னும் ஆறு ஆடு பாக்கி இருக்கு. முடிச்சுக் கொடுத்துட்டுப் போறியா?"

முடித்துக்கொடுத்தான். ஆனால் எண்களை வேறொருவர் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டான். ஒவ்வொரு முறையும் ஒரு முக்காலியை இழுத்து மேஜையின் தலைப்பக்கம் போட்டு, ஆட்டின் முகத்துக்கு நேராக உட்கார்ந்துகொண்டான். அவை அவனைப் பார்த்தன. அவனும் பார்த்தான். ஆறாவது ஆட்டுக்குப் பிறகு எழுந்து, முக்காலியை ஓரமாக வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு படியிறங்கினான். கீழே கொட்டில் காலியாக இருந்தது. யாரோ தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.